இரண்டாவது சாட்சி

நுங்கம்பாக்கத்தில் வானிலை அலுவலக வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் கட்டிய சென்னை வானாய்வுக் கூடத்தில் மிஞ்சியது அது. போய்ப் பார்த்தேன். அந்தக் கூடத்தின் தலைவராக இருந்த கேப்டன் ஜேக்கப் 1855இல் ஒரு விஷயம் சொன்னார்: 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் ஓட்டத்தில் கணக்குக்கு அடங்காத பிசகு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத கிரகம் காரணமாக இருக்கலாம்.

நம்மூரிலிருந்து போன குரல் என்று பெருமைப்பட இடமில்லை. அந்தக் கிரகம் மெய்ப்படவில்லை. 1896இல் ஸீ என்பவர் அதையே இன்னும் உரக்கச் சொன்னார். அவர் சொன்ன அமைப்பு நிலைக்காது என்று 1899இல் மோல்டன் கணிதத்தால் காட்டினார்.

ஜேக்கப்பைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. விமர்சனம் எழுதும் நாமும் ஒரு பிசகைக் கண்டதும் பின்னால் ஒரு கிரகத்தை வைத்துவிடுகிறவர்கள்தாம். அவரிடம் இல்லாதது நேர்மை அல்ல, இரண்டாவது சாட்சி.

அது எப்படிக் கிடைக்கும் என்பதை 1952இல் ஆட்டோ ஸ்ட்ரூவ இரண்டே பக்கத்தில் எழுதினார். வியாழன் போன்ற பெரிய கிரகம் தன் நட்சத்திரத்தை ஒட்டியே சில நாட்களில் ஏன் சுற்றக்கூடாது? சுற்றினால், நட்சத்திரம் முன்னும் பின்னும் இழுபடுவது நிறமாலையில் தெரியும். கிரகம் குறுக்கே வந்தால் ஒளி மங்கும். நம் சூரியனுக்கு அப்படி ஒரு கிரகம் இல்லை. அதனாலேயே அங்கே தேட அநேகருக்குத் தோன்றவில்லை. 43 வருஷம் கழித்து, 1995இல், மேயரும் க்வெலோவும் 51 பெகாஸியில் அத்தகைய இழுப்பைக் கண்டார்கள்.

அப்போதும் சந்தேகம் தீரவில்லை. இழுப்பு தருவது குறைந்தபட்ச எடையை மட்டுமே. பாதையின் சாய்வு தெரியாது. கிரகமே இல்லை, நட்சத்திரம்தான் அதிர்கிறது என்று 1997இல் வாதம் எழுந்தது. மங்கலை மட்டும் நம்பவும் முடியாது; சிறிய மங்கிய நட்சத்திரமும் அதே நிழலைத் தரும்.

இரண்டும் சேர்ந்தது 1999இல். சுமார் 150 ஒளியாண்டு தொலைவிலுள்ள எச்டி 209458 மூன்றரை நாளுக்கொரு முறை இழுபடுவது தெரிந்திருந்தது. கொலராடோவில் 10 சென்டிமீட்டர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு சார்பொன்னோவும் பிரவுனும் செப்டம்பர் 9, 16 இரவுகளில் அதைப் பதிவு செய்தார்கள். தனியாக வேலை செய்த ஹென்றியின் குழு, இழுப்பைக் கணித்துச் சொன்ன வேளையில், நவம்பர் 7இல் அரிசோனாவிலிருந்து பார்த்தது. ஒளி நூற்றில் ஒன்றரைப் பங்கு குறைந்தது. குறுக்கே போகிறதென்றால் பாதையின் சாய்வு தெரிந்துவிட்டது. ஆகவே எடையும் தெரிந்துவிட்டது: வியாழனில் 0.7 பங்கு. நிழல் விட்டத்தைத் தந்தது: வியாழனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அடர்த்தி, தண்ணீரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. ஊதிய வாயுக் கோளம். 2002இல், அதன் காற்றை ஊடுருவி வந்த ஒளியில் சோடியம் இருப்பதும் தெரிந்தது. இத்தனைக்கும் அந்தக் கிரகத்தை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

பிறகு பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். 1989 முதல் 1993 வரை வானத்தை அளந்த ஹிப்பார்கஸ் செயற்கைக்கோளின் எண்களில் இதே மங்கல்கள் ஏற்கெனவே இருந்தன. பதிவு இருந்தது, கேட்பார் இல்லை. ஜேக்கப்பிடம் கேள்வி இருந்தது, பதிவு போதவில்லை. தூணருகே நின்றபோது எனக்கு அவர் பக்கமே மனம் சாய்ந்தது.