தொலேதோவின் யூதர் குடியிருப்பு: ஒரு வரலாற்று நோக்கு

ஸ்பெயின் நாட்டின் நடுப்பகுதியில், தாகுஸ் ஆறு முப்புறமும் சூழ்ந்தோடும் குன்றின் மீது அமைந்தது தொலேதோ நகரம். 'மூன்று பண்பாடுகளின் நகரம்' எனச் சுற்றுலாத்துறையினர் இதனை இன்று விளம்பரப்படுத்துவர். முஸ்லிம்களும் கிறித்தவரும் யூதரும் இங்கு நூற்றாண்டுக்கணக்காக அருகருகே வாழ்ந்தமை உண்மையே. ஆனால் எத்தகைய சமூக உறவுகளின் அடிப்படையில் வாழ்ந்தனர் என்னும் வினாவை அத்தொடர் மறைத்துவிடுகின்றது. நகரின் மேற்குப் புறத்தே அமைந்த யூதர் குடியிருப்பை நோக்குமிடத்து அவ்வினாவை நாம் தவிர்க்க முடியாது.

அங்கு இரு பழைய தொழுகைக்கூடங்கள் எஞ்சியுள்ளன. பிற்காலத் தேவாலயப் பெயரால் 'சாந்தா மரியா லா பிளாங்கா' என வழங்கும் கூடத்தை எண்கோணத் தூண்களும் குதிரை இலாட வளைவுகளும் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கின்றன. யூத வழிபாட்டுக்கென, இஸ்லாமியக் கட்டடக்கலை மரபில், கிறித்தவ மன்னரின் ஆட்சியிலே எழுந்தது அது. மற்றையது, கஸ்தீலிய மன்னன் முதலாம் பெத்ரோவின் பொருளாளரான சாமுவேல் ஹலேவி 1357ஆம் ஆண்டளவில் எழுப்பியது. அதன் சுதைச் சுவரிலுள்ள எபிரேயப் பொறிப்புகள் மன்னனையும் பொருளாளரையும் ஒருங்கே போற்றுகின்றன. கஸ்தீலிய அரச இலச்சினையும் அங்கே காணப்படுகின்றது. சில ஆண்டுகளுள் அதே மன்னன் அவரைச் சிறையிலிட்டு அவரது செல்வத்தைக் கைப்பற்றினான். சித்திரவதைக்குள்ளாகி அவர் மாண்டார்.

இதனை ஒரு மன்னனின் நன்றிகேடாக மட்டும் கொள்ளல் பொருந்தாது. வரி அறவிடலிலும் கடன் வழங்கலிலும் யூதருள் வசதிமிக்க சிலரை முடியாட்சி பயன்படுத்தியது. வரி செலுத்திய மக்கள் தம் வாயிலில் கண்டது மன்னனையன்று, அவனது முகவரையே. குடியிருப்பின் பெரும்பான்மையினரான கைவினைஞருக்கும் சிறுவணிகருக்கும் அந்த இலாபத்திற் பங்கில்லை. அதனால் மூண்ட சினத்திலோ பங்கிருந்தது. 1391ஆம் ஆண்டு செவில் நகரில் தொடங்கிய படுகொலைகள் தொலேதோவையும் எட்டின. உயிர்தப்புவதற்காகப் பலர் திருமுழுக்குப் பெற்றனர்.

மதம் மாறியதோடு பகைமை ஒழிந்ததா? 1449இல் அரசனின் அமைச்சன் அல்வாரோ தெ லூனா நகரத்திடம் பத்து இலட்சம் மராவெதி கடனாகக் கோரினான். அதற்குத் துணைநின்றவர் எனக் கருதப்பட்ட அலொன்சோ கோத்தா என்னும் வணிகரின் வீடு தீக்கிரையாயிற்று. அவர் மதம்மாறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். கிளர்ச்சிக்குத் தலைமைதாங்கிய பேரோ சார்மியெந்தோவும் அவன் கூட்டத்தாரும், யூத வழிவந்த கிறித்தவர் பொதுப் பதவி வகித்தலாகாது என விதித்தனர். பதவிகளுக்கான போட்டி இங்கே சமயத் தூய்மையின் மொழியிற் பேசியது என்பதே எம் கருத்து. 'இரத்தத் தூய்மை' விதிகளுள் முதலாவதாகக் கருதப்படுவது இதுவே. திருமுழுக்குப் பெற்றோரைப் பிரித்துவைத்தல் தகாதெனப் பாப்பரசர் ஐந்தாம் நிக்கலஸ் அதே ஆண்டில் அதனைக் கண்டித்தார். கண்டனம் நிலைக்கவில்லை.

1492ஆம் ஆண்டு வெளியேற்றக் கட்டளையின்பின் சாமுவேலின் தொழுகைக்கூடம் கலத்திராவா என்னும் படைத்துறவியர் சபைக்கு வழங்கப்பட்டது. யூதர் என அறியப்பட்டோர் எவரும் நகரில் இல்லாது அரை நூற்றாண்டு கழிந்தபின், 1547இல், பேராயர் சிலிசியோ தொலேதோ பேராலயத்தில் பதவிபெற விரும்புவோர் தம் முன்னோருள் யூதர் இலரென நிறுவவேண்டுமெனச் சட்டமியற்றினார்.