மின்தொகுப்பைக் காக்கும் அமெரிக்கச் சட்டங்கள்

2003 ஆகஸ்ட் 14 அன்று ஏற்பட்ட மாபெரும் மின்தடை, அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடி மக்களைப் பாதித்தது. அது சைபர் தாக்குதல் அல்ல. ஆயினும் அதைத் தொடர்ந்து அமெரிக்கா இயற்றிய 2005ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம், மின்தொகுப்பின் கணினிப் பாதுகாப்பு விதிகளையும் கட்டாயமாக்க வழிசெய்தது.

விதிகளை வகுப்பதற்குக் காலம் பிடிக்கும். தாக்குதலோ நொடிகளில் நிகழ்ந்துவிடும். எனவே, அதிபர் அவசரநிலை அறிவித்தால் எரிசக்தித் துறைச் செயலாளர் உடனடி உத்தரவுகள் பிறப்பிக்கலாம் என 2015 டிசம்பரில் மற்றொரு சட்டம் வந்தது.

அதே மாதம் உக்ரைனில், மின்விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரத்தைத் துண்டித்தனர்.

அமெரிக்காவின் கட்டாய விதிகள் உயர் அழுத்த மின்தொகுப்போடு நின்றுவிடுகின்றன. வீடுகளுக்கு மின்சாரம் தரும் உள்ளூர் விநியோகம் அவற்றுக்குள் வராது. உக்ரைனில் தாக்கப்பட்டது அந்த விநியோகப் பகுதிதான் என்பதை மறந்துவிட முடியாது.