ரெமியின் மனுவும் ஆற்றில் குளிர்ந்த பீரும்

பீரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "எழுபது வயசுக்கு மேல இது ஒரு விஷயமா?" என்றாள். பீர் பாதிதான், மீதி மீன் என்றேன். மீன் என்றால் அவளுக்குச் சம்மதம். அவள் பிறந்த வீடு வைத்திக்குப்பம் பக்கம்.

2011 ஜூலையில் பிரான்சுக்குப் போயிருந்தோம். மனைவியின் தம்பி சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்று, அல்சாஸில் முலூஸ் ஊரில் குடியிருக்கிறார். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட எத்தனையோ புதுச்சேரிக் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. நான் அந்தப் பக்கம் போகவில்லை. பிரெஞ்சில் படித்துவிட்டு, இந்திய அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து, ஆங்கிலத்தில் கோப்பு எழுதியே காலத்தைக் கழித்தவன். படித்த பிரெஞ்சு முப்பது வருஷம் பெட்டியில் கிடந்தது. அந்தப் பயணத்தில்தான் அதை வெளியே எடுத்து உதறினேன்.

மைத்துனர் மகன் எனக்கு மருமகன் முறை. அவனுக்கு ட்ரவுட் மீன் என்றால் உயிர். ஒரு சனிக்கிழமை, "மாமா, மலைக்குப் போகலாம் வாங்க" என்று என்னைக் காரில் ஏற்றினான். முலூஸிலிருந்து மேற்கே வோழ் மலைத்தொடரைத் தாண்டினால் லா ப்ரெஸ் என்று ஒரு சிற்றூர். ஃபிர் மரங்கள், மாட்டுப் பண்ணைகள், நடுவே கருங்கல் பாறைகளில் மோதிக்கொண்டு ஓடும் மொஸலோத் ஆறு. பெயர்தான் ஆறு. நம் ஊரில் அதை ஓடை என்போம். முழங்கால் அளவு தண்ணீர், ஆனால் ஜூலையிலும் கால் விறைக்கும் குளிர்.

அவன் முதலில் செய்த காரியம், நான்கு பீர் பாட்டில்களைக் கைவலையில் போட்டுக் கட்டி ஒரு பாறை இடுக்கில் முக்கி வைத்தது. பிறகுதான் தூண்டிலை எடுத்தான். கொக்கியில் புழு இல்லை. தலைமயிர் போன்ற நூலால் சின்னஞ்சிறு கொக்கியில் இறகைச் சுற்றி, ஈ மாதிரி செய்திருந்தான். வாத்தின் வாலருகே எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி இருக்கும் இறகு அது. தண்ணீரில் ஊறாமல் மிதக்கும். "ட்ரவுட் தண்ணிக்கு மேல வர்ற பூச்சியைத்தான் பார்த்துக்கிட்டே இருக்கும் மாமா. அதை ஏமாத்தணும்," என்றான். நம் தூண்டிலில் ஈயக்குண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். இங்கே ஈக்கு எடையே கிடையாது. தடித்த கயிற்றுக்குத்தான் எடை. அதைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி, நீளவிட்டு, ஈயைப் பூ விழுவது போலத் தண்ணீரில் இறக்க வேண்டும். எனக்கும் ஒரு முறை கொடுத்தான். என் ஈ நேராகப் போய் ஒரு மரக்கிளையில் உட்கார்ந்தது.

பகல் முழுக்க ஒன்றும் இல்லை. கோடையில் வெயில் ஏறினால் மீன் பாறைக்கடியில் பதுங்கிவிடுமாம். மாலையில் வெயில் சாய்ந்ததும் பூச்சிகள் எழும்பின. தண்ணீரில் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. அந்த வேளைக்கு 'கூ துய் சுவார்' என்றே பெயர். சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரைதான் சட்டப்படி பிடிக்கலாம். அதற்குள் அவன் மூன்று பிடித்தான். அளவு போதாத இரண்டை, கையை நனைத்துக்கொண்டு, மேல் படலம் உரியாமல் கொக்கியைக் கழற்றித் திரும்ப விட்டான். மூன்றாவதன் உடம்பில் சிவப்புப் புள்ளிகள், யாரோ குங்குமம் தொட்டு வைத்தது போல.

பாட்டில்களை எடுத்தோம். அல்சாஸ் பீர், ஆற்றுக் குளிர். எனக்கு அதில் பெரிய பழக்கம் கிடையாது. ஆனாலும் அன்று அந்தக் கரையில் குடித்ததுபோல ஒன்றை நான் குடித்ததில்லை. அப்போது அவன் சொன்னான்: "இந்த ஊர்ல ரெமின்னு ஒரு மீன்காரர் இருந்தார் மாமா. உலகத்துல பாதி ட்ரவுட் அவர் புண்ணியம். அவர் எழுதின மனுவை ரொம்ப நாள் யாரும் கண்டுக்கலையாம்."

மனு என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முலூஸ் திரும்பியதும் மருமகனுடன் நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். ழோசெஃப் ரெமி 1804-இல் பிறந்தவர். அதிகப் படிப்பு இல்லை. மொஸலோத்திலும் அதில் வந்து சேரும் ஓடைகளிலும் மீன் பிடித்துப் பிழைத்தவர். வருஷத்துக்கு வருஷம் ட்ரவுட் குறைந்துகொண்டே வந்தது. ஏன் என்று பார்க்க, மீன் முட்டையிடும் நவம்பர் மாதக் குளிரில் இரவெல்லாம் கரையில் கிடந்து கவனித்தார். பெண் மீன் வயிற்றைச் சரளைக் கல்லில் தேய்த்து, குழி பறித்து முட்டையிடுகிறது. ஆண் மீன் அதன்மேல் பால் போன்ற விந்தைப் பாய்ச்சுகிறது. பிறகு இரண்டும் போய்விடுகின்றன. வெள்ளம் அடித்துக்கொண்டு போனதும் மற்ற மீன்கள் தின்றதும் போக, மிஞ்சுவது சொற்பம்.

ரெமி இதைத் தன் கையால் செய்து பார்த்தார். சினை மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டைகளை ஒரு பாத்திரத் தண்ணீரில் இறக்கினார். ஆண் மீனையும் அப்படியே அழுத்தி அதே தண்ணீரில் கலந்தார். துளைகள் போட்ட தகரப் பெட்டியில் சரளை பரப்பி, அந்த முட்டைகளை வைத்து, ஓடும் நீரில் பதித்தார். குளிர்காலம் கழிந்தபோது பெட்டியில் குஞ்சுகள் நீந்தின. அந்துவான் ழெயேன் என்ற சத்திரக்காரர் அவரோடு கூட்டுச் சேர்ந்தார். சத்திரக்காரர் என்றால் பீர் ஊற்றிக் கொடுத்தவர்தானே. மீனும் பீரும் அப்போதே கூட்டாளிகள் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.

ரெமி 1843-இல் தம் கண்டுபிடிப்பை வோழ் மாவட்ட ப்ரெஃபெவுக்கு எழுதினார். எபினாலில் இருந்த அறிஞர் சங்கம் ஒரு பதக்கமும் கொஞ்சம் பணமும் கொடுத்தது. அத்தோடு சரி. மாவட்டத்துக்கு வெளியே யாருக்கும் தெரியவில்லை. 1848-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் காத்ரஃபாழ் என்ற விலங்கியல் அறிஞர் ஒரு கட்டுரை படித்தார். மீன் முட்டையைச் செயற்கையாகக் கருத்தரிக்க வைத்து ஆறுகளை நிரப்பலாம், 1760-களிலேயே ஜெர்மனியில் யாக்கோபி என்பவர் செய்து காட்டியிருக்கிறார், நாமும் முயல வேண்டும் என்றார். முயல வேண்டும் என்று அவர் சொன்ன காரியத்தை லா ப்ரெஸ் மீன்காரர் ஐந்து வருஷத்துக்கு முன்பே செய்து, எழுதியும் கொடுத்துவிட்டார்! யாக்கோபி என்ற பெயரைக்கூட ரெமி கேள்விப்பட்டதில்லை.

எபினால் சங்கத்தின் செயலாளர் அக்ஸோ என்ற மருத்துவர். பாரிஸ் செய்தியைப் படித்த அவருக்குப் பழைய காகிதம் நினைவுக்கு வந்தது. 1849-இல் பாரிஸ் கழகத்துக்கு எழுதினார்: நீங்கள் யோசிப்பதை எங்கள் ஊர்க்காரர்கள் இருவர் ஏற்கெனவே நடத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று. உடனே பேராசிரியர்களின் கவனமும் அரசாங்கத்தின் கவனமும் லா ப்ரெஸ் பக்கம் திரும்பின. விக்தோர் கோஸ்த் என்ற பேராசிரியரின் முயற்சியால் 1852-இல் அல்சாஸில், ரைன் நதியோரம் உனேங் என்ற இடத்தில், அரசே பெரிய மீன் முட்டைப் பொரிப்பகம் தொடங்கியது. அங்கிருந்து ஐரோப்பா முழுக்க முட்டைகள் போயின. ரெமி 1854-இல், ஐம்பது வயதில், இறந்துபோனார். பனி நீரில் நின்ற நவம்பர் இரவுகள் உடம்பைத் தின்றுவிட்டன என்கிறார்கள்.

உனேங் பிரான்சிடம் இருபது வருஷம்கூட நிலைக்கவில்லை. 1870 போரில் தோற்று, 1871-இல் அல்சாஸையே ஜெர்மனியிடம் இழந்தார்கள். பொரிப்பகமும் போயிற்று. அல்சாஸின் பீர் ஆலைகளும் எல்லைக்கு அந்தப் பக்கம் போயின. அந்தக் கோபத்தில்தான் லூயி பாஸ்டர் பீர் ஆராய்ச்சியில் இறங்கினார். ஜெர்மன் பீரைவிட நல்ல பீரைப் பிரான்சிலேயே செய்ய வேண்டும் என்று வைராக்கியம். அதற்கு 'தேசப் பழிவாங்கல் பீர்' என்றே பெயர் வைக்கப் பார்த்தார். லொரேனில் தாந்தோன்வில் ஊர் பீர் ஆலைக்குப் போய் வேலை செய்தார். 1876-இல் அவர் வெளியிட்ட பீர் பற்றிய நூல், வேண்டாத நுண்ணுயிர்கள் நுழைவதால்தான் பீர் கெடுகிறது என்று காட்டியது. அந்த ஆராய்ச்சியால் அதிகம் லாபம் அடைந்தவர்களில் ஜெர்மன்காரர்களும் உண்டு! அறிவுக்கு எல்லைக்கோடு கிடையாது என்பதை அவர்களுக்கு பீரே சொல்லிக் கொடுத்தது.

மீன் முட்டையும் எல்லை தாண்டியது. முட்டைக்குள் குஞ்சின் கண் கறுப்புப் புள்ளியாகத் தெரியும் பருவத்தில் அது பயணத்தைத் தாங்கும். குளிரில் வைத்தால் வளர்ச்சி மெதுவாகி, பொரிக்கும் நாள் தள்ளிப்போகும். 1864-இல் 'நார்ஃபோக்' என்ற கப்பலில், பாசி பரப்பிய மரப்பெட்டிகளில், பனிக்கட்டிக்கு நடுவே, சால்மன் முட்டைகளோடு சில ஆயிரம் ட்ரவுட் முட்டைகளும் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா வழியாகத் தாஸ்மேனியா போயின. சால்மன் அங்கே நிலைக்கவில்லை. ட்ரவுட் பெருகியது. 1880-களில் இலங்கையில் நுவரெலியா, 1900-இல் காஷ்மீர்.

நம் நீலகிரிக்கும் இதே கதைதான். இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஃபிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் 1860-களில் ஊட்டிக்கு ட்ரவுட் கொண்டுவர முயன்று தோற்றார். மீன் வருவதற்கு முன்பே, 1879-இல், நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்ற மீன்வள நிபுணர் காலத்தில்தான், அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, ரெயின்போ ட்ரவுட் நிலைத்தது. அது அமெரிக்க வகை. ரெமியின் சிவப்புப் புள்ளி மீன் அல்ல. ஆனால் முட்டையைப் பிழிந்து பெட்டியில் பொரிக்கும் முறை அவருடையதுதான். 1974-இல் ஊட்டி போனபோது அந்தத் தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரன் விளையாட்டுக்குக் கொண்டுவந்தது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். போன இடங்களில் எல்லாம் ட்ரவுட் நல்லதே செய்தது என்றும் சொல்ல முடியாது. தாஸ்மேனியா ஓடைகளின் சொந்த மீன்களை அது நிறையத் தின்று தீர்த்திருக்கிறது. அதுவும் இந்தக் கணக்கில் சேர வேண்டியதுதான்.

இப்போது என் கணக்கு. மனு என்ற சொல்லைக் கேட்டு நான் ஏன் நிமிர்ந்தேன் என்று சொல்ல வேண்டும்.

1983. நான் யு.டி.சி. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஏரிக்கரைக் கிராமத்துப் பெரியவர் ஒருவர், யாரோ எழுதிக் கொடுத்த மனுவோடு வந்தார். வெற்றிலை போட்ட வாய், இடுப்பில் துண்டு. ஏரி மீன் குத்தகை ஏலத்தில் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். வரால் மீன் புல் ஓரத்தில் கூடு கட்டி முட்டையிடும். குஞ்சு பொரிந்த பிறகும் தாயும் தகப்பனும் விட்டுப் போகாமல் காவல் காக்கும். அந்த நேரத்தில் குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்து வலை போட்டால் காவல் மீன் சுலபமாகச் சிக்கிவிடும், குஞ்சுகள் அநாதை. அதனால் ஏரியின் வடக்கு மூலையை மட்டும் சில வாரம் விட்டுவைக்கச் சொல்லுங்கள் ஐயா என்றார். எத்தனை வருஷம் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "சின்னப் பிள்ளையிலிருந்து பார்க்கிறேன் ஐயா," என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் சரி. அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்று நான் எழுதிய குறிப்பு இரண்டே வரி: குத்தகை விதிகளில் இதற்கு இடமில்லை, கோப்பில் வைக்கலாம். கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டார். கோப்பு கட்டில் போயிற்று. பெரியவர் இரண்டு முறை வந்து விசாரித்தார். மூன்றாம் முறை வரவில்லை.

நான் விதியை மீறவில்லை. யாரும் என்னைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் எபினால் செயலாளர் அக்ஸோவும் எழுத்து வேலைதான் பார்த்தார். அவர் மீன் பிடிக்கவில்லை, முட்டை பிழியவில்லை. தம் சங்கத்துக்கு வந்த ஒரு காகிதத்தை மறக்காமல் இருந்தார், சமயம் வந்தபோது எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான். அந்த அளவு வேலையை நானும் செய்திருக்கலாம். "மீன்வளத் துறையின் கருத்தைக் கேட்கலாம்" என்று மூன்றாவதாக ஒரு வரி. அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

இதையெல்லாம் முலூஸில் மருமகனிடம் சொன்னேன். அவன் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "அடுத்த சனிக்கிழமை திரும்பப் போகலாம் மாமா," என்றான். போனோம். அன்று ஒரே ஒரு ட்ரவுட் என் ஈயைத் தேடி வந்தது. நான் இழுக்கப் பிந்தியதால் தப்பிப் போயிற்று. மருமகன் சிரித்தான். எனக்கு வருத்தமே இல்லை. பாறை இடுக்கில் இருந்த பாட்டிலை எடுத்து, முதல் மடக்கு குடிக்கும் முன், தண்ணீரைப் பார்த்து இரண்டு பேரை நினைத்துக்கொண்டேன். ஒருவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. மற்றவர் பெயர் அந்தக் கோப்பில் இருந்தது. அதை நான் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.