கொடிப்பந்தரின் கீழ் ஒரு தந்தை

ஆங்கில நாடக வரலாற்றில் பழிவாங்கும் துன்பியல் என்னும் வகைக்குக் கால்கோளிட்ட நூல் 'ஸ்பானியத் துன்பியல்'. தாமஸ் கிட் இயற்றிய இந்நாடகம் 1592ஆம் ஆண்டில் இலண்டன் ரோஸ் அரங்கில் நடிக்கப்பெற்றது. ஹேம்லட்டுக்கு முன்னோடியாகிய இதன் உயிர்நிலை, இரண்டாம் அங்கத்தில் வரும் ஓர் இரவுக் காட்சியாகும்.

பெண்ணொருத்தியின் கூக்குரல் கேட்டு, உறக்க உடையோடு தோட்டத்திற்கு ஓடிவருகிறான் ஹீரோனிமோ. கொடிப்பந்தரில் ஓர் உடல் தொங்குகிறது. யாரோ ஒருவன் எனக் கருதிக் கயிற்றை அறுத்து இறக்குகிறான். உடையைக் கண்ட பின்னரே, இறந்தவன் தன் மகன் ஹொரேஷியோ என்று அறிகிறான். குருதி தோய்ந்த கைக்குட்டையை ஏந்தி, பழிதீர்க்கும்வரை உடலை அடக்கம் செய்வதில்லை எனச் சூளுரைக்கிறான்.

ஹீரோனிமோ ஸ்பானிய அரசவையின் நீதி அலுவலன். கொலைஞருள் ஒருவன் அரசனுடைய தம்பியின் மகன். மற்றவன் போர்த்துகல் ஆளுநனின் மகன். பிறர் வழக்கைத் தீர்ப்பவனுக்குத் தன் வழக்கை உரைக்க மன்றம் இல்லை. பின்னர் நிகழும் கொலைகள் அனைத்திற்கும் இதுவே வித்து.

இக்காட்சி மக்கள் நெஞ்சில் பதிந்தமைக்குப் பிற்காலப் பதிப்புகளே சான்று. 1602ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏறத்தாழ 320 அடிகள், ஐந்து இடங்களில் புதிதாகச் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இக்காட்சியையே விரித்து, இறந்தவன் தன் மகனல்லன் என மறுக்கும் தந்தையைக் காட்டுகிறது. மற்றொன்றில், மகனை இழந்த ஓவியன் ஒருவனிடம் அவ்விரவை வரைந்து தருமாறு ஹீரோனிமோ வேண்டுகிறான். 1615ஆம் ஆண்டுப் பதிப்பின் முகப்பிலோ, தொங்கும் உடலும் பந்தமும் வாளும் ஏந்திய தந்தையும் மரச்செதுக்குப் படமாகவே இடம்பெற்றனர். சேர்க்கைகளை எழுதியவர் பென் ஜான்சன் என்பாரும் ஷேக்ஸ்பியர் என்பாரும் உளர்.

மூல ஆசிரியரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 1593ஆம் ஆண்டு மே மாதத்தில், சமய மறுப்புத் தாள்கள் தம் அறையில் கிடைத்தமையால் கிட் சிறைப்பட்டு வதைக்கப்பட்டார். அடுத்த ஆண்டே, 35 வயதில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற உடைமையின் பொறுப்பை ஏற்க அவர் தாயே மறுத்தார், கடன் காரணமாகலாம். மகனுக்காக அரசையே எதிர்த்த தந்தையைப் படைத்தவரின் முடிவு இவ்வாறாயிற்று.

பழம்பதிப்பு எதிலும் அவர் பெயர் இல்லை. 1612இல் தாமஸ் ஹேவுட் என்னும் நாடக ஆசிரியர், நடிகர்களுக்குப் பரிந்து எழுதிய உரைநடை நூலில், இந்நாடகத்தின் சில சொற்களை எடுத்துக்காட்டி, இது கிட் எழுதியது எனக் குறித்தார். அக்குறிப்பு 1773இல் தாமஸ் ஹாகின்ஸ் கண்ணில் படும்வரை, நாடகம் ஆசிரியர் பெயரின்றியே வழங்கியது. பலர் விரித்து எழுதியும் வரைந்தும் போற்றிய ஒரு காட்சிக்கு உரியவரை இன்று நாம் அறிவது, உடன் எழுதிய ஒருவர் மறவாமல் எழுதிவைத்த அந்த ஒரு குறிப்பினால்தான்.