மாலைப் பள்ளிக்கு ஒரு வரலாறு உண்டு



அரசுப் பள்ளிகளில் ஒரு சொல் புழங்குகிறது: ‘மெல்லக் கற்போர்’. ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு அந்தப் பெயர். அந்தப் பிள்ளையின் நேரத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று அச்சொல் கேட்பதில்லை. சுங்குவார்சத்திரத்தில் கூடியிருக்கும் நாம் கேட்டாக வேண்டும். இதற்கான பழைய சாட்சியம் நம் வட்டாரத்திலேயே கிடக்கிறது.

இவ்வூர்களெல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். அதன் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்துக்காகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். கல்விக்காகவும் அதைப் படிக்கலாம். குடியிருக்கும் மனை மிராசுதாருக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினால் குடிசை போய்விடும். அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் படியாள். பகல் முழுவதும் ஆண்டையுடையது என்றால் பள்ளிக்கூடத்துக்கு மிஞ்சுவது எந்த நேரம்? 1893இல் பஞ்சமர் கல்விக்கென அரசு தனி ஆணை பிறப்பித்தது. சேரிகளில் பள்ளி, அதற்குப் புறம்போக்கு நிலம், பயிற்சி ஆசிரியர்களுக்கு உதவித்தொகை என்று அதில் நல்லவை பல இருந்தன. ஆனால் பகலை மீட்டுத் தர எந்த ஆணையாலும் முடியவில்லை. சேரியில் அரிக்கேன் விளக்கு வைத்து நடந்த இரவுப் பள்ளி இந்த நெருக்கடியில் பிறந்ததுதான். யாருடைய கருணையும் அதற்குக் காரணமில்லை.

1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றுக்கு அருகே ஊரூரில் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதருக்கும் அவருக்கும் இருந்த தொடர்பை நாம் அறிவோம். 1920களில் தொழிலாளர் துறை சேரிகளில் நடத்திய பள்ளிகளே பின்னாளில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. இந்தப் பள்ளிகள் விட்டுவைத்த இடைவெளியில்தான் அம்பேத்கர் பெயர் தாங்கிய மாலை வகுப்புகள் நம் காலனிகளில் நடந்தன. பத்தாவது முடித்த அக்கா ஒருவர், ஒரு கரும்பலகை, மன்றத்துத் திண்ணை. பதிவேடு இல்லாததால் அவற்றுக்கு எண்ணிக்கை இல்லை. ஆவணக் காப்பகத்தை மட்டும் நம்பி நம் கல்வி வரலாற்றை எழுத முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அந்தத் திண்ணையை அரசு 2021 அக்டோபரில் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. கொரோனாவில் பள்ளிகள் ஏறத்தாழ 18 மாதம் மூடிக் கிடந்த பிறகு வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’யைத்தான் சொல்கிறோம். முதலில் தொடங்கிய 12 மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள். தமிழ்நாட்டின் கிராமப்புறக் குழந்தைகள் சுமார் 19,000 பேரை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் செய்த ஆய்வு, இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டதென்றும், அப்படி மீண்டதில் ஏறக்குறைய 24 விழுக்காடு இந்த மாலை வகுப்புகளால் வந்ததென்றும் கணக்கிட்டது. வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளே அதிகம் இழந்திருந்தார்கள். மீண்டதிலும் அவர்களே முன்னால் நின்றார்கள். மெல்லக் கற்பது அவர்களின் இயல்பென்றால் இது எப்படி நடந்தது?

இந்த வேலையைச் செய்த தன்னார்வலர்கள் பெரும்பாலும் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். அதைச் சம்பளம் என்று சொல்ல நமக்கு நா கூசுகிறது. மாலையில் அக்கா பார்த்துக்கொள்வார் என்று பகல் பள்ளி கைகழுவுமானால், இரவுப் பள்ளி காலத்து அநீதிக்குப் புதுப் பெயர் வைத்ததாகவே ஆகும். தன்னார்வலர் பகல் பள்ளிக்குத் துணை நிற்கலாம், அதன் வேலையைச் சுமக்கக் கூடாது.

இன்று இங்கே ஆண்டை இல்லை, ஷிப்ட் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை கம்பெனி பஸ் வரும் நேரத்தை வைத்துத்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. மாலை வகுப்பு ஏழு மணிக்கு முடிகிறது. இரண்டாம் ஷிப்டுக்குப் போன அம்மா வீடு திரும்ப நள்ளிரவாகும். பக்கத்து லைன் வீட்டில் ஒடியாவும் இந்தியும் பேசும் பிள்ளை தமிழ் எழுத்தைப் படம் பார்ப்பதுபோல் பார்க்கிறது. நம் மன்றங்களின் மாலை வகுப்பில் அந்தப் பிள்ளைக்கும் இடம் வேண்டும். வகுப்பைப் பார்த்து உட்காரவைக்காமல், எந்த எழுத்துவரை தெரியும் என்று பார்த்து உட்காரவைக்க வேண்டும். அம்மாவின் ஷிப்ட் முடியும் வரை விளக்கும் எரிய வேண்டும். அந்த விளக்குக்கான மின்கட்டணத்தை ஊராட்சி கட்டுமா என்பதை வரும் கிராம சபையில் எழுப்புவோம்.