விதைத்தது யார்?

தாமஸ் ஜெஃபர்சனின் தோட்டக் குறிப்பேட்டை நான் ஒரு லாக் ஃபைலைப் படிக்கிற மாதிரிதான் படிக்கத் தொடங்கினேன். தொழில் பழக்கம். தேதி, என்ன நடந்தது, அவ்வளவுதான். 1766 மார்ச் 30இல் ஊதா நிற ஹயசிந்த் பூக்கத் தொடங்கியது என்பது முதல் வரி. எழுதியவருக்கு அப்போது 22 வயது. அமெரிக்கா என்றொரு நாடே கிடையாது. கடைசிப் பதிவு 1824ஆம் ஆண்டுடையது. நடுவில் சுதந்திரப் பிரகடனத்தை எழுதினார், பாரிசில் தூதராக இருந்தார், இரண்டு முறை ஜனாதிபதி ஆனார். குறிப்பேடு இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. பட்டாணி முளைத்ததா, செத்ததா, சாப்பாட்டு மேசைக்கு வந்ததா என்பதில்தான் அதற்கு அக்கறை.

பட்டாணி என்றால் மனிதருக்கு உயிர். 1767 பிப்ரவரி 20இல் விதைத்த பட்டாணியில் 500 எண்ணி எடை போட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு பைன்ட் அளவைக்கு ஏறக்குறைய 2500 பிடிக்கும் என்றும் எழுதிவைத்திருக்கிறார். வெர்ஜீனியாவில் குளிர் முழுதாக விடுவதற்குள் விதைத்துவிட்டால், ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ காய் கிடைக்கும். வசந்தத்தின் பின்பாதி அங்கே அப்படித்தான் வருகிறது: முதலில் பட்டாணி, பின்னாலேயே ஸ்ட்ராபெரி. யார் வீட்டுப் பட்டாணி முதலில் மேசைக்கு வருகிறதோ, அவர் மற்றவர்களை விருந்துக்குக் கூப்பிட வேண்டும் என்று அக்கம்பக்கத்துப் பண்ணையார்களிடையே ஒரு போட்டி இருந்தது. பெரும்பாலும் ஜார்ஜ் டைவர்ஸ் என்பவர்தான் ஜெயிப்பார். ஒரு வருடம் ஜெஃபர்சனுடையது முந்திவிட்டதாம். வெளியே சொல்லாதீர்கள், டைவர்ஸே ஜெயித்ததாக இருக்கட்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். குடும்பத்தார் சொல்லிவந்த கதை இது. கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. 1790 ஜூனில் நியூயார்க்கிலிருந்து 11 வயது மகள் மரியாவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். இங்கே பட்டாணியும் ஸ்ட்ராபெரியும் ஜூன் 8ஆம் தேதிதான் வந்தன, அங்கே எப்போது வந்தன, எந்தெந்தப் பறவையை முதலில் எப்போது பார்த்தாய் என்று வரிசையாகக் கேள்விகள். பட்டாணியும் ஸ்ட்ராபெரியும் மே மாதமே வந்துவிட்டன என்று அந்தப் பெண் பதில் போடுகிறாள். பறவைகளை மட்டும் கவனிக்கவில்லையாம். தன் கோழிக்குஞ்சுகளைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்ததாம். அப்பாவின் டேட்டா சேகரிப்புக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது.

குறிப்பேட்டை மனதுக்குள் தமிழில் மாற்றிக்கொண்டே போனபோதுதான் ஒரு சிக்கல் வந்தது. ஆங்கிலத்தில் ஆளைச் சொல்லாமலே வினையை மட்டும் எழுதிவிடலாம். பட்டாணிப் பாத்தி விதைப்பு, தக்காளி நடவு என்கிற மாதிரி. தமிழில் வினையை முடிக்கும்போது ஆள் வந்தாக வேண்டும். விதைத்தேனா? விதைத்தானா? விதைத்தார்களா?

பதிலில் ஒரு பகுதியை ஐசக் கிரேஞ்சர் சொல்லியிருக்கிறார். ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ பண்ணையில் அடிமையாக இருந்த கொல்லர் அவர். 1847இல், வயதான காலத்தில், தன் நினைவுகளைச் சொல்லி எழுதவைத்தார். முதலாளி சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு சில சமயம் தோட்டத்தில் அரை மணி நேரம் உண்மையாகவே பாடுபடுவார் என்கிறார். பொழுதுபோக்குக்கு. அரை மணி நேரம்.

மாண்டிசெல்லோவின் காய்கறித் தோட்டம் 1000 அடி நீளம், 80 அடி அகலம். மலைச்சரிவை வெட்டி, மண்ணைச் சுமந்து, கீழ்ப்பக்கம் கல்சுவர் எழுப்பிச் சமப்படுத்திய மேடை அது. வெட்டியவர்கள் வாடகைக்கு எடுத்த அடிமைகள். வாடகை அவர்கள் கைக்குப் போகவில்லை, அவர்களுடைய சொந்தக்காரர்களுக்குப் போனது. இந்தத் தோட்டத்தில் ஜெஃபர்சன் 300க்கும் மேற்பட்ட காய்கறி ரகங்களைப் பயிரிட்டார் என்று பாராட்டும் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. அந்த 'பயிரிட்டார்' என்ற வினைமுற்று என்னை உறுத்துகிறது.

பூந்தோட்டமும் அப்படித்தான். 1811 மே மாதத்தில் பேத்தி ஆனுக்கு எழுதிய கடிதத்தில், ஹயசிந்தும் டூலிப்பும் முடிந்துவிட்டன, ஐரிஸ் அடுத்த பூவுக்கு இடம் விடுகிறது என்று அழகாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கிழங்குகளையும் செடிகளையும் பார்த்துக்கொண்டவர் வோர்ம்லி ஹ்யூஸ். 1781இல் அடிமையாகப் பிறந்தவர், சிறுவனாக ஆணிப் பட்டறையில் வேலை பார்த்தவர். ராபர்ட் பெய்லி என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரரிடம் தொழில் கற்றார். 1807இல் வீட்டைச் சுற்றிப் பூப்பாத்திகள் அமைத்தபோது மண்ணில் நின்றவர். ஜனாதிபதி வாஷிங்டனில் இருந்த மாதங்களில் செடிகள் சாகாமல் இருந்தது இவரைப் போன்றவர்களால்தான்.

1826 ஜூலையில் ஜெஃபர்சன் இறந்தபோது குழி வெட்டியவரும் வோர்ம்லிதான். உயிலில் ஐந்து பேருக்கு விடுதலை. அதில் வோர்ம்லியின் பெயர் இல்லை. பிறகு குடும்பத்தார் அவரை வாய்மொழியாக விடுவித்தார்கள். கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல். 1827 ஜனவரியில் மாண்டிசெல்லோவில் நடந்த ஏலத்துக்கு 130 பேரைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் வோர்ம்லியின் மனைவி அர்சுலாவும் குழந்தைகளும் இருந்தார்கள்.

மாண்டிசெல்லோவில் வேறு தோட்டங்களும் இருந்தன. வாராவாரம் கிடைத்த சோளமாவும் துளி இறைச்சியோ மீனோ வயிற்றுக்குப் போதாது என்பதால், அடிமைகள் தங்கள் குடிசைகளை ஒட்டிக் காய்கறி போட்டார்கள், கோழி வளர்த்தார்கள். நாள் முழுக்க அவர் நிலத்தில் உழைத்துவிட்டு, இருட்டிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும். அந்தப் பாத்திகளில் எது எப்போது முளைத்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் அதே பேத்தி ஆன், பதின்பருவத்தில், 1805 முதல் 1808 வரை வீட்டுக் கணக்கு எழுதினாள். அடிமைகளிடம் பெரிய வீடு காசு கொடுத்து வாங்கிய முட்டை, கோழி, முட்டைக்கோஸ், வெள்ளரி, தர்ப்பூசணி எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. தாத்தாவின் குறிப்பேட்டில் தேதியும் ரகமும் இருக்கும். பேத்தியின் கணக்கில் விற்றவர் பெயர், சரக்கு, கொடுத்த காசு.