சகலதுறை ஆட்டக்காரரை அளப்பது எவ்வாறு?

விடுமுறை நாட்களில் துடுப்பும் பந்துமாக மைதானம் செல்லும் நம்மவர் மத்தியில் ஓயாத வாதம் ஒன்று உண்டு. டெஸ்ட் கிரிக்கெட் கண்ட சகலதுறை ஆட்டக்காரருள் தலைசிறந்தவர் யார் என்பதே அது. தந்தையர் சோபர்ஸ் என்பர். மைந்தர் கலிஸ் என்பர். இடைப்பட்டோர் இம்ரான் கான், பொத்தம், கபில்தேவ், ஹட்லி ஆகிய நால்வருக்காக வழக்காடுவர். வழக்கைத் தீர்க்குமுன் நாம் கையிலெடுக்கும் அளவுகோலைச் சோதிப்பது நன்று.

பலரும் கையாளும் அளவுகோல் எளிதானது. துடுப்பாட்டச் சராசரியிலிருந்து பந்துவீச்சுச் சராசரியைக் கழித்து, எஞ்சுவது எவருக்கு அதிகமோ அவரே மேலானவர் என்பர். அக்கணக்கின்படி மேற்கிந்தியத் தீவுகளின் கார்பீல்ட் சோபர்ஸ் (57.78, 34.03) முதலிடத்தையும், தென்னாபிரிக்காவின் ஜக் கலிஸ் (55.37, 32.65) இரண்டாமிடத்தையும் பெறுகின்றனர். பாகிஸ்தானின் இம்ரானுக்கு எஞ்சுவது 14.88. இங்கிலாந்தின் பொத்தமுக்கு 5.14; நியூசிலாந்தின் ஹட்லிக்கு 4.87, இந்தியாவின் கபிலுக்கோ வெறும் 1.41.

கபில்தேவ் அத்துணை சிறியவரா? 131 டெஸ்டுகளில் 5248 ஓட்டங்களும் 434 விக்கெட்டுகளும் பெற்றவர் அவர். காயம் காரணமாக ஒரு டெஸ்டையேனும் தவறவிடாதவர். சுழற்பந்துக்கே இசைந்த இந்திய ஆடுகளங்களில், மறுமுனையில் தக்க துணையின்றி ஆண்டுக்கணக்காக வேகப்பந்து வீசியவர். 1990இல் லோர்ட்ஸ் மைதானத்தில், இறுதி விக்கெட் மட்டுமே எஞ்சிய நிலையில், இந்தியா உடனடியாக மீண்டும் துடுப்பெடுத்தாடும் நிலையைத் தவிர்க்க 24 ஓட்டங்கள் தேவைப்பட்டன. அடுத்தடுத்து நான்கு பந்துகளில் நான்கு சிக்ஸர்கள் அடித்து அதனைப் பெற்றுக் கொடுத்தார். சராசரி என்னும் தராசு ஒருவன் சுமந்த பாரத்தை நிறுப்பதில்லை.

இனி ஒரே போட்டியில் நிகழ்த்திய சாதனையை நோக்குவோம். ஒரு டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டுகளும் பெற்ற ஆடவர் மூவரே: 1980இல் பம்பாயில் பொத்தம், 1983இல் பைசலாபாத்தில் இம்ரான், 2014இல் குல்னாவில் பங்களாதேஷின் சகிப் அல் ஹசன். ஆயினும் இவர்கள் அனைவருக்கும் முன்னதாக, 1958இல் மெல்பேணில் இங்கிலாந்து மகளிருக்கு எதிராக அதனை நிகழ்த்திக் காட்டியவர் அவுஸ்திரேலிய வீராங்கனை பெற்றி வில்சன் என்பதைப் பலர் அறியார். இவை ஒளிமிக்க தருணங்கள். எனினும் ஒரு போட்டியைக் கொண்டு ஒரு வாழ்வை மதிப்பிடல் பொருந்தாது.

எமது கருத்தில் உகந்த சோதனை வேறொன்று. ஒரு கை முடங்கினாலும் மறுகையை மட்டும் நம்பி அணி அவரைத் தெரிவு செய்யுமா? 1983 டிசம்பரில் மெல்பேணில் இம்ரான் இச்சோதனைக்கு உள்ளானார். கணைக்கால் எலும்பு வெடிப்பினால் பந்துவீச இயலாத நிலையிலும், அணித்தலைவராகவும் துடுப்பாட்ட வீரராகவும் களமிறங்கி 83 ஓட்டங்களும், ஆட்டமிழக்காமல் 72 ஓட்டங்களும் எடுத்தார். ஹட்லியோ 1985இல் பிறிஸ்பேனில் ஓர் இன்னிங்ஸில் 52 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகளைச் சாய்த்து, எஞ்சிய ஒன்றையும் தாமே பிடியெடுத்து வீழ்த்தினார். பந்துவீச்சில் அவருக்கு நிகரானோர் சிலரே. ஆயினும் 27.16 என்னும் சராசரியுடன் துடுப்பாட்ட வீரராக மட்டும் அவர் இடம்பெற்றிருக்க முடியாது. பந்து கைகொடாத நாளிலும் அணியில் இடம் பெறத்தக்கவர் என்பதால், நால்வருள் இம்ரானுக்கே முதன்மை தரலாம்.

எஞ்சியோர் சோபர்ஸும் கலிஸும். சராசரிகளில் இருவரும் அண்ணன் தம்பியர் போலவே தோன்றுவர். ஆனால் கலிஸ் 166 டெஸ்டுகளில் வீசிய பந்துகள் 20,232. சோபர்ஸ் 93 டெஸ்டுகளிலேயே 21,599 பந்துகளை வீசினார். அதாவது ஒரு போட்டிக்கு ஏறத்தாழ இரு மடங்கு உழைப்பு. மிதவேகம், இடக்கை விரற்சுழல், மணிக்கட்டுச் சுழல் என மூவகையிலும், அணிக்கு எது குறைந்ததோ அதனை அவர் வீசினார். 34.03 என்னும் சராசரி சற்று அதிகமாகத் தோன்றுவதில் இதற்கும் பங்குண்டு. 1966இல் இங்கிலாந்தில் அணித்தலைவராக ஐந்து டெஸ்டுகளில் 722 ஓட்டங்கள், 20 விக்கெட்டுகள், 10 பிடிகள் எனக் குவித்துத் தொடரையும் 3-1 என வென்றார். கலிஸின் 13,289 ஓட்டங்களும் 200 பிடிகளும் மாபெரும் சாதனைகளே, மறுப்பதற்கில்லை. எனினும் டொனால்ட், பொலொக், ஸ்டெய்ன் போன்றோர் உடனிருந்த அணியில் அவரது பந்துவீச்சு பெரும்பாலும் துணைக்கரமாகவே அமைந்தது.

ஆகவே முதலிடம் சோபர்ஸுக்கே என்பது எமது தீர்ப்பு. கழித்தற் கணக்கும் அவரையே முன்னிறுத்துகின்றது. ஆயினும் காரணம் அதுவன்று. தேர்ச்சி அறிக்கையின் மொத்தப் புள்ளிகளை மட்டும் நோக்கும் ஆசிரியர், அதிகாலையில் தோட்டத்துக்கு நீர் இறைத்துவிட்டு வகுப்புக்கு வரும் மாணவனை அறியமாட்டார். அணிக்கு எது குறைவோ அதனைத் தன் தோளில் ஏற்பவனே சகலதுறை ஆட்டக்காரன். அடுத்த முறை மைதானத்து ஓரத்தில் வாதம் எழும்போது, எத்தனை ஓட்டம் என்று மட்டும் கேளாது, எத்தகைய பாரம் என்றும் கேட்போமாக.